அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

பக்கம் இருபத்தேழிலிருந்து அறுபத்து மூன்று வரை
இரண்டாம் அத்தியாயம்
ஒரே ஓர் அடியின்மேல் நிற்கிறது:
"கனவு திறந்து கிடந்தது."

முந்நூறு பிரதி அச்சடித்து
முப்பதுகூட விலைப்படாத தொகுதி.
எழுதியவர் சிவசோதி, நெல்லியடிப் பக்கம்.
வேறு நூல் இல்லை. விருதில்லை.
எவரும் ஆராய்ந்ததில்லை; அதனால்தான் எடுத்தேன்.
'ஆய்வு இடைவெளி' என்று முன்மொழிவில் எழுத
இதைவிட அகலமானது எங்கே கிடைக்கும்?

கனவு எப்படித் திறக்கும் என்று கேட்டேன்.
முதலில் பூட்டியிருந்ததா என்று கேட்டேன்.
நனவிலி என்றேன், ஒடுக்கிய ஆசை என்றேன்,
கோட்பாட்டு நூல்களிலிருந்து பதினெட்டு மேற்கோள்,
இஸ்திரி போட்ட சட்டைகள் மாதிரி
வரிசையாகத் தொங்கவிட்டேன்.
"வாசகர் இவ்விடத்தில் உறைந்துபோகிறார்"
என்றும் ஒரு வசனம்.
அந்த வாசகர் நான்தான்,
இராமநாதன் வீதி வாடகை அறையில்
கறண்ட் போன மத்தியானத்தில்,
உறையவில்லை, வேர்த்துக் கொட்டியது.

மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பு மையால் "நன்று" என்றார்.
அதன் கீழே, பொடியாக:
"கையெழுத்துப் பிரதி பார்த்தீரா?"

பார்க்கவில்லை.

எழுநூற்றைம்பது பஸ்ஸில் நின்றபடியே போனேன்.
சிவசோதியின் தம்பி சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.
ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருந்தவர்
கை துடைத்துவிட்டுக் கொப்பியைத் தந்தார்.
பின்மட்டையில் பெருக்கல் வாய்பாடு போட்ட
பள்ளிக்கூடக் கொப்பி.
பதினாலாம் பக்கம். நீல மை. சந்தேகத்துக்கு இடமில்லாத எழுத்து:

"கதவு திறந்து கிடந்தது."

அச்சுக்கோத்தவரின் விரல்
எந்த அறைக்குள் வழுவியதோ!
ஓர் எழுத்து.
என்னுடைய முப்பத்தேழு பக்கம்.

"எந்தக் கதவு?" என்றேன்.
குமிழி அகப்பட்டுவிட்டது அவருக்கு.
பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டபடி சொன்னார்:
"எங்கட வீட்டுக் கதவுதான், பிள்ளை.
எண்பத்தேழில வெளிக்கிடேக்கை
நான் பூட்டினன் எண்டு அண்ணை நினைச்சார்,
அண்ணை பூட்டினார் எண்டு நான்."
பிறகு ஒட்டுத்துண்டைத் தேய்க்கத் தொடங்கினார்.

கோசலா சொல்கிறாள்: விடு, பிரதிதான் பிரதி.
ஆசிரியர் இறந்துவிட்டார் என்று
இரண்டாம் வருடத்திலேயே படித்தோமே.
ஓம், படித்தோம்.
இவர் தொண்ணூற்றாறில், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்.

ரஜீபன் சொல்கிறான்: நல்லதாய்ப் போச்சு,
'வரலாற்றுப் பின்னணி' என்று ஒரு பந்தி சேர், புள்ளி கூடும்.
அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.
ஒரு வீட்டின் கதவைக் கழற்றிவந்து
என் அத்தியாயத்துக்குப் பின்னால் சாத்திவைக்கவா?

கனவும் பொய்யில்லை, அதுதான் கரைச்சல்.
அந்த வரி என்னை ஏதோ செய்தது.
பிழைதான் செய்தது.
அந்த முப்பது பேரும் வாசித்தது பிழையைத்தான்.
கதவு என்றால் ஒரு தகவல் என்று கடந்து போயிருப்பேனோ?
இதை எந்த அணுகுமுறையின் கீழ் எழுதுவது,
தலைப்பு என்ன, எத்தனை சொல்?

சமர்ப்பிக்க ஒன்பது நாள்.
அத்தியாயத்தை அழிக்கவில்லை.
அடிக்குறிப்பு ஒன்று போட்டேன், நாற்பத்தோராவது.
அச்சில் கனவு, கொப்பியில் கதவு என்று தொடங்கி,
சைக்கிள் கடை, தண்ணீர்ச் சட்டி,
இரண்டு சகோதரர், ஒரு பூட்டு என்று
பொடி எழுத்தில் அது மேலே ஏறி ஏறி
பக்கத்தில் என் விமர்சனத்துக்கு
இரண்டே வரி மிச்சம் விட்டது.
"அடிக்குறிப்பு நீளம்" என்பார்கள். நீளம்தான்.

பாமினியில்
இடக்கை நடுவிரலுக்கு ன,
வலக்கைச் சுட்டுவிரலுக்கு த.
இரவு இரண்டு மணிக்குச் சரிபார்க்கையில்
கதவு என்று நான் அடிக்க நினைத்த ஓரிடத்தில்
மறுபடியும் கனவு.

திருத்தினேன்.
எழும்பிப்போய்
அறையைப் பூட்டியிருக்கிறேனா என்று
இழுத்துப் பார்த்தேன்.