மிச்ச எண்பது

நிரஞ்சலா வெள்ளவத்தையிலிருந்து
நூறாம் நம்பர் பஸ்ஸில் வந்தாள்.
மடியில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்,
கைப்பையில் கேக்குக்கு மா நிறுக்கும் சின்னத் தராசு,
கழுவிக் காயவைத்த இன்னொரு வெறும் போத்தல்.
எல்லா ஆயத்தத்தோடும்தான் வந்தாள்.

மெசஞ்சர் வீதியில் எங்கள் பொதியிடும் அறைக்குப்
பெயர்ப்பலகை கிடையாது.
லேபலின் முகவரியைப் பிடித்துக்கொண்டு
பிளாஸ்டிக் மூடிச் சாக்குகளையும்
லொறி ஒன்றின் முதுகையும் சுற்றி
மூன்றாம் மாடிக்கு ஏறியிருக்கிறாள்.
மூச்சு வாங்கியது. கதிரை கொடுத்தோம்.
இருக்கவில்லை.

வெறும் போத்தலைத் தராசில் வைத்துப்
பூச்சியம் ஆக்கினாள்.
அதை எடுத்துவிட்டு நிரம்பியதை வைத்தாள்.
தொள்ளாயிரத்து இருபது.

"ஆயிரம் எண்டு போட்டிருக்கிறீங்கள்.
மிச்ச எண்பது எங்க?"

"அக்கா, அது மில்லிலீற்றர், இது கிறாம்.
எண்ணெய் தண்ணியை விட லேசு.
அதுதானே குழம்பில மேல மிதக்குது."

"மிதக்கிறது எனக்கும் தெரியும் தங்கச்சி.
என்ர காசும் மிதக்குதோ?"

மல்காந்திக்குத் தமிழ் அரைகுறை.
ஆனாலும் சிரித்துவிட்டாள்.

வெறும் போத்தலைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.
எண்ணெய் நிற்கும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் பிடித்து
அவள் தராசிலேயே வைத்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
குனிந்து பார்த்தாள்.
நம்பவில்லை. கொட்டிவிட்டுத்
தானே போய்ப் பிடித்து வந்தாள்.
ஆயிரத்து இரண்டு.

பிறகு நெடுநேரம் பேசாமல் நின்றாள்.
இரண்டு போத்தல்களும் பக்கத்தில் பக்கத்தில்,
ஒரே உயரம், வேறு வேறு பாரம்.
தமக்கையின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு
மருந்துப் போத்தலில் 'ஐந்து மி.லீ.' என்றிருக்க
எந்தக் கரண்டி என்று தெரியாமல்
குசினியில் நாலு கரண்டியோடு நின்றேனே,
அந்த முகம் அவளுக்கு.

பெருவிரல் நகத்தால் லேபலைத் தட்டினாள்.
"ஆயிரம் இவ்வளவு பெரிசு.
பக்கத்தில இருக்கிறது எறும்பு மாதிரி.
ஏன் அப்பிடி?"

அதற்கு ஊற்றிக் காட்ட
என்னிடம் தண்ணீர் இல்லை.

போன வருஷம் வரை அந்த இடத்தில்
'ஒரு கிலோ' என்றுதான் இருந்தது.
போத்தல் ஒரு விரற்கடை உயரம் கூட.
ஒரு திங்கட்கிழமை முதலாளி மரியசீலன்
புதுப் போத்தலோடும் புது லேபலோடும் வந்தார்.
விலை பழைய விலைதான்.
"ஆயிரம் ஆயிரமாத்தானே இருக்குது" என்றார்.
அளவை அதிகாரி வந்தார்.
கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்தார்,
சொட்டும் குறையவில்லை.
பிளேன்டீ குடித்துக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

அவள் கேட்ட எண்பது
உண்மையிலேயே எடுக்கப்பட்ட எண்பது.
ஒரு கிறாம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டுதான்
குழாயடிக்குப் போனேன்.

அவள் தராசைத் துடைத்து உள்ளே வைத்தாள்.
"மன்னிக்கவேணும், வீணா அலைச்சல் தந்திட்டன்" என்றாள்
என்னிடம்.
படியிறங்கும் சத்தம்
மூன்று மாடிக்கும் கேட்டது.

அடுத்த நாள் காலை
முதல் போத்தலைக் குழாயின் கீழ் வைத்தேன்.
தொள்ளாயிரத்து இருபதில் மூட வேண்டும்.
மூடவில்லை.
முப்பது. நாற்பது.
போத்தலின் கழுத்து அங்கேயே முடிந்துவிடுகிறது.
வழிந்து தராசில் பரவி
என் முழங்கை வரை வந்தது.
நாற்பதுக்கு மேல் கொடுக்க விரும்பினாலும்
இடம் வைக்கவில்லை.

துடைத்த துணியை மல்காந்தி
பேசாமல் கேட்டு வாங்கினாள்.
வீட்டுக் கதவின் கீல்
ஒரு மாதமாகக் கிறீச்சிடுகிறதாம்.