ஈரம் கழித்து

களிமண்குண்டுக் கரையில் ஒதுங்கிய மூட்டையிலிருந்து
இருபத்து நான்கு கிராம்.
அரக்கு முத்திரை, சாட்சிக் கையொப்பம் இரண்டு,
பழுப்புக் காகிதத்துக்குள் இன்னும் பாசி வாடை.
"எப்ப மேடம் கெடைக்கும்?" என்றார் காவலர் முனியராஜ்.
ஏசி ஓடினால் வியாழக்கிழமை.

நீதிமன்றத்துக்கு வேண்டியது ஒரு சொல்:
ஆம், அல்லது இல்லை.
இயந்திரம் அப்படிப் பேசுவதில்லை.
ராமநாதபுரத்து மின்சாரம் அனுமதிக்கும்வரை
திரையில் ஒவ்வொரு முகடாய் எழுப்பிக்கொண்டிருக்கும்,
அவசரமில்லாமல்.

என் தம்பி டெல்வின் கால்கரியில்
இதே சாமானை
கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று விற்கிறான்.
வயதுச் சான்று பார்ப்பான், வரி பிடிப்பான், ரசீது தருவான்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன வித்தியாசம் என்று
கையுறை கழற்றாமல் கேட்பார்களாம்.
"ஒரு பிணைப்பு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது,
அவ்வளவுதான்" என்று நான் எழுதிக் கொடுத்தது
அங்கே விலைபோகவில்லை.
அவன் காற்றை வைத்துச் சொல்கிறான்:

டெல்டா ஒன்பது, வாடை.
கரை கண்ணில் இருக்கும்போதே தூக்கி அடிக்கும்.
சிலருக்கு அதுதான் விளையாட்டு.
சிலர் அணியத்தைக் கட்டிக்கொண்டு
செத்தேன் செத்தேன் என்பார்கள்.

டெல்டா எட்டு, கொண்டல்.
அதே கடல்தான், முதுகில் கைவைத்துத் தள்ளும்.
இவ்வளவுதானா என்று இன்னொரு மிட்டாயை
வாயில் போட்டவனுக்கு
ஒரு மணி நேரம் கழித்து அதுவும் வாடை.

சி.பி.டி. என்பது காற்றே வீசாத நாள்.
அடியில் கிடக்கும் சிப்பிகூடத் தெரியும்.
படகு நகராது.

சி.பி.என்.?
"அதுக்கு எங்கிட்ட காத்து இல்லக்கா.
தூக்கம் வரும்னு டப்பால போட்டிருக்கு."

எட்டு, செடியில் பேருக்குத்தான் இருக்கும்,
பெரும்பாலும் அமிலம் ஊற்றிச் செய்வது,
உங்கள் மிட்டாயில் பெயரே வைக்காத முகடுகள்
நாலைந்து இருக்கலாம் என்றேன்.
"கடைக்காரன்ட்ட போய் இதச் சொல்றியே" என்று சிரித்தான்.

சி.பி.என். எனக்குத் தெரியும்.
ஒன்பதை வெயிலிலும் காற்றிலும் போட்டு மறந்தால்
அது அதுவாகும்.
இந்த மூட்டையில் ஒன்பதின் முகடு குட்டை,
பக்கத்தில் சி.பி.என். நெடுநெடுவென்று.
கிடங்கில் எத்தனை மாதம், தண்ணீரில் எத்தனை நாள்
என்று எண்ணிவிடலாம் போலிருந்தது.
எண்ண முடியாது. போலிருந்தது.

கால்கரியில் இதை யாரும் வாங்கமாட்டார்கள்.

அதைத் தோளில் தூக்கியபோது பிடிபட்டவன் ரெக்சன்.
இருபத்திரண்டு வயது, பேசிய கூலி நாலாயிரம்.
எட்டா ஒன்பதா என்று அவனை யாரும் கேட்கவில்லை.
கேட்டது எடை.
கரையில் நிறுத்தபோது
இருபத்தொரு கிலோ முந்நூறு.
இருபதைத் தாண்டினால் வணிக அளவு,
பத்து வருடத்துக்குக் குறையாது.

யாரும் சொல்லாமல்
மாதிரியை உலர் அடுப்பில் வைத்தேன்.
இருபத்து நான்கு,
இருபது புள்ளி ஏழாகி நின்றது.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்,
நம்பாமல் மறுபடி தட்டினேன்:
பதினெட்டு கிலோ முந்நூற்று எழுபது.
மீதி மன்னார் வளைகுடா.

படிவத்தில் ஈரத்துக்குக் கட்டம் கிடையாது.
"ஆம், கஞ்சா" என்று எழுதி
அதன் கீழே, ஓரத்தில், சின்ன எழுத்தில்
இரண்டு எடையையும் எழுதினேன்.
இதை யார் கேட்டது என்பார் இயக்குநர்.
சொல்வதற்குப் பதில் இன்னும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை முனியராஜ் வந்தார்,
படிக்காமலே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீர்தான் போயிற்று.
தட்டின் விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்த உப்பை
என்னால் பிரிக்க முடியவில்லை.
அது இன்னும்
ரெக்சன் கணக்கில்தான் இருக்கிறது.