பதின்மூன்றாம் எண்

படிவத்தில் இருப்பவை கம்பளி, சர்க்கரை மாத்திரை,
முழங்கால் பட்டை, டயப்பர்.
அந்தாக்யா முகாம், நாற்பத்தொன்றாம் கன்டெய்னரில்
நெவ்சாத் கேட்பதோ
காதுக் கருவிக்கு பேட்டரி. பதின்மூன்றாம் எண்,
ஆரஞ்சுத் தாள் ஒட்டியது.

மாதம் ஒரு அட்டை என்கிறது நகராட்சி.
பத்தே நாளில்
கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்.

ராத்திரி கழற்றிவைத்தால் இன்னும் கொஞ்சம் வரும்,
சத்தமாகத்தான் சொன்னேன்.
கரைந்த சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்றைக்குக் கழற்றித்தான் வைத்திருந்தேன்."

பிப்ரவரி, விடிவதற்கு முன்.
விழுந்த சுவருக்கு அந்தப் பக்கம் முனெவ்வர்
மதியம்வரை கூப்பிட்டாளாம்.
மூன்றாம் மாடிப் பையன் பிறகு சொன்னான்.
ஒரு கை தூரத்தில் கிடந்தவருக்கு
யாரும் கூப்பிடவில்லை.

இப்போது
தகரத்தில் மழை, நாய், ஜெனரேட்டர்,
நாற்பத்திரண்டில் இருமல்,
ஒன்று விடாமல் கேட்டபடி
காதோடு படுக்கிறார்.

கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.
'தொலைத்துவிட்டார்' என்று எழுதினேன்,
நான்காவது முறையாக.
மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
கவனமே இல்லாத மனுஷன் போல, என்றார்.

ஆமாம் என்றேன்.
முத்திரை விழுந்தது.