மூன்றங்குலக் குழாய்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலிருந்து
நாலாவது வீடு. வாடகைக்கு.
கூடத்தின் நீளம் பன்னிரண்டடி என்று
எனக்குத் தெரியவந்ததே
ஸ்டனிஸ்லாஸ் ஸ்பீக்கர் பெட்டி செய்யத் தொடங்கிய பிறகுதான்.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை.
பம்புசெட் எரிந்தால் ராத்திரி பதினொன்றுக்கும் போன் வரும்.
அந்தக் கை
பெட்டியின் முதுகில் வட்டமாய் ஓட்டை போட்டு
ஒன்றரை அங்குலக் குழாய் செருகியது.
"பெட்டி மூச்சு விட வேண்டாமா?"
குழாய் நீண்டால் சுருதி இறங்குமாம்,
நறுக்கினால் ஏறுமாம்.
தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம்
சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி
புஸ்ஸென்று கேட்டது.
மதகு சின்னதாக இருந்தால்
தண்ணீர் சத்தம்தான் போடும், வயலுக்குப் போகாது.
இதை நான் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.
மறுநாள், போர்வெல் போட்ட யார் வீட்டிலோ மிஞ்சிய
மூன்றங்குலக் குழாயோடு வந்தான்.

மேற்குச் சுவரோடு ஒட்டி
மூலைக்கு ஒரு பெட்டி.
குழாயின் வாய் சுவரைப் பார்த்தபடி.
நட்டநடுக் கூடத்தில் நாற்காலி போட்டு
உட்கார்ந்து, கண்ணை மூடி,
"பேஸே இல்லை" என்றான்.

நான் அடுப்படியில் இருந்தேன்.
எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின.
கடுகு டப்பா மெல்ல நடந்து
அலமாரி விளிம்புக்கு வந்தது.
"குறை" என்றேன்.
"இன்னும் கூட்டணும்" என்றான்.

தை முழுக்க இப்படித்தான்.
கொள்முதல் நிலையத்தில் பகலெல்லாம்
நெல்லில் ஈரப்பதம் பார்த்து
பதினேழுக்கு மேல் போனால் காயவைக்கச் சொல்லி
வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவள் நான்.
பத்தொன்பது என்றால் பத்தொன்பது.
எனக்குக் கேட்பதை
இல்லையென்று ஒருத்தன் சொன்னால்
பொய்யென்றுதான் தோன்றும்.
அவனுக்கும் அப்படித் தோன்றியிருக்கும்.
இரண்டு நாள் பேசவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்
பாலைப் பார்த்துக்கொள் என்று
அவனை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு
புடவை மாற்றாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.
அதே பாட்டு. அதே வால்யூம்.
குரல் இருந்தது, வயலின் இருந்தது,
அடியில் இருக்க வேண்டியது மட்டும்
பெருக்கித் துடைத்த மாதிரி இல்லை.
எழுந்து நாலடி பின்னால் போனேன். வந்தது.
சுவரில் சாய்ந்தேன். வயிற்றுக்குள் வந்தது.
திரும்ப நடுவுக்கு. போய்விட்டது.
பட்டுப்புடவையில் முன்னும் பின்னும் நடக்கிறவளை
கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்று பார்த்தான்.
"இங்கே டமடமங்குது" என்றான்,
என் குரலில்.

சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிற அலை
நடுவில் தன்னைத்தானே தின்றுவிடுமாம்,
மூலையில் குவியுமாம்.
அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், பால் பொங்கி வழிந்தது.
ஆற்றில் தண்ணீர் திறந்தால்
கடைசி வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள்
எத்தனை மனு, எத்தனை மறியல்.
எங்கள் வீட்டில் மட்டும்
தலைமடை காய்ந்து கிடக்க
கடைமடையில் வெள்ளம்.

பெட்டிகளை ஒரு முழம் முன்னால் இழுத்தோம்.
சுவருக்கும் குழாய்க்கும் நடுவே
இப்போது துடைப்பம் நுழைகிறது.
இடப்பக்கக் குழாயில்
அவனுடைய ஒற்றைக் காலுறையைச் சுருட்டி அடைத்ததும்
உப்புசம் இறங்கியது.
நாற்காலி நடுவை விட்டு நகர்ந்தது.
கடுகு டப்பா வைத்த இடத்தில் இருக்கிறது.

முழுக்கச் சரியாகவில்லை.
ஏதோ ஒரு சுரத்துக்கு இன்னமும்
ஜன்னல் கம்பி உறுமுகிறது.
ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து உப்புமோ என்று
என் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறான்,
சிரிக்காமல்.

நேற்று ராத்திரி நெல்லேற்றிய கூட்ஸ்
கேட்டைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது.
தரை அதிர்ந்தது.
"உனக்கு அங்கே எப்படி இருக்கு?" என்று
கூடத்திலிருந்து கேட்டான்.
தட்டுகளைப் பிடித்துக்கொண்டு
"கொஞ்சம் அதிகம்" என்றேன்.
எழுந்து வந்து,
ஏதோ குறைத்துவிட முடியும் என்பது போல,
பக்கத்தில் நின்றான்.