உள்ளங்கையளவு துணி

கைப்பையில் சாயப்பட்டறைச் சீட்டோடு
பின் குத்திய துணித்துண்டு ஒன்றை வைத்துக்கொண்டுதான்
பல்லடம் ரோட்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.
உள்ளங்கையளவு.
முள்ளங்கி இலையின் பச்சை,
பறித்துப் போட்டு அரைநாள் ஆன பிறகு.

கடைப்பையன் பிரகதீஷ்
எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என்று ஆரம்பித்தான்.
வேகம் சொன்னான். பேட்டரி எத்தனை மணி என்றான்.
பை இலவசம் என்றான்.
"அதெல்லாம் இருக்கட்டுந் தம்பி,
எல்லாத்துலயும் வெறும் வெள்ளைப் பக்கம் ஒண்ணு
தொறந்து வைங்."

பதினோரு வெள்ளைகள்.
ஒன்று அரிசி களைந்த தண்ணி.
ஒன்று நீலம் எச்சாகிப்போன வேட்டி.
ஒன்றுக்கு மஞ்சள்காமாலை.
மூலையில் ஒன்று மட்டும்
வெள்ளை என்று சொன்னால்
நம்பும்படி இருந்தது.

போன கார்த்திகையில்
கூரியர் வர நாலு நாளாகும், பொறுக்க முடியாது என்று
டென்மார்க்கிலிருந்து படமாக வந்த பச்சையை
என் பழைய திரையில் பார்த்துவிட்டு
குப்புராஜ் மாஸ்டரிடம் சொன்னேன்:
இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏத்துங்க.
அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஏனுங் அம்மிணி, நெசமாத்தானுங்களா?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அவர் நின்ற இடத்திலிருந்து அது ஒரு பச்சை.
நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வேறு பச்சை.
இருவரும் தலையாட்டினோம்.

நாலாயிரத்து இருநூறு குழந்தைச் சட்டைகள்
கப்பல் ஏறவில்லை.
காதர்பேட்டையில் கிலோக்கணக்கில் போயின.
இப்போதும் பெருமாநல்லூர் பஸ்ஸில்
அந்தப் பச்சையில் ஒரு குழந்தை ஏறினால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.
குழந்தைக்கு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

சரியான துண்டு பிற்பாடு கூரியரில் வந்தது.
அதுதான் இது.
பென் டிரைவில் அதே பழைய படம்.
ஒவ்வொரு திரையிலும் படத்தைத் திறந்து
பக்கத்தில் துணியை ஒட்டிப் பிடித்தேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் போல
குனிந்து, சாய்ந்து, தள்ளி நின்று பார்த்தேன்.
ஒன்று, கொஞ்சம் சாய்த்ததும் வெளிறிப்போனது.
ஒன்று பளபளப்பு:
வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனால்
பச்சைக்குப் பதில் நான்,
என் பின்னால் ஒரு மினி பஸ்,
தலைகீழ் இல்லை, இடவலமாய் ஒரு பேக்கரியின் பெயர்.
எங்கள் ஆபீஸ் ஜன்னல் மேற்குப் பார்த்தது.
மூன்று மணிக்கு மேல் வெயில் வந்து
மேஜையில் உட்கார்ந்துகொள்ளும்.
இதை வாங்கினால் மூன்று மணிக்கு மேல்
என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் எறும்பெழுத்து:
நிறத்தில் நாற்பத்தைந்து சதவீதம்.
பரீட்சையென்றால் பாஸ்.
மிச்சம் ஐம்பத்தைந்தை
எந்தப் பட்டறையில் போட்டு எடுப்பது தம்பி?
பிரகதீஷுக்குச் சிரிப்பு வரவில்லை.
மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

மூலையில் இருந்ததுதான் ஒத்துப்போனது.
துணி எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று
விரலால் தடவித்தான் தெரிந்தது.
விலை பதினாறாயிரம் எச்சு.

நாச்சிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"பில்லுப் போடற பொட்டிக்கு
எதுக்கம்மிணி சினிமாக் கொட்டாய்?"
நாலாயிரத்து இருநூறு, என்றேன். அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் ஓவர்லாக் மிஷின்கள் மட்டும்
கொஞ்ச நேரம் பேசின.
"செரி, வாங்கிக்க."
வைக்கப் போனவர் வைக்கவில்லை.
"சித்தெ இரு.
நீ நல்ல திரையில பார்ப்பே.
அவிங்க எதுல பார்க்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது.
பனி கொட்டும் ஏதோ ஒரு ரயிலில்
கீறல் விழுந்த போனில்
ஒரு பெண் சரியென்று தட்டிவிடலாம்.
அந்த முனைக்கு நான் போக முடியாது.
"நம்ம பக்கத்துப் பச்சை
பச்சையா இருந்துட்டுப் போகட்டுங்ணா" என்றேன்.
அவர் ஒத்துக்கொண்டாரா, சலித்துக்கொண்டாரா,
அது சத்தத்தில் கேட்கவில்லை.

பில் போட்டு, இலவசப் பையில் வைத்து
படியிறங்கி வண்டியை எடுக்கும்போது
பிரகதீஷ் ஓடி வந்தான்
கையில் எதையோ தூக்கிப் பிடித்தபடி:
"அக்காங், இந்தச் சாம்பல் கலர்த் துணிய
விட்டுட்டுப் போறீங்."