மூன்று அம்பு மேடு

தாப்பா சடக்கில் அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு
ஸ்போக் கம்பி ஒன்று அறுந்தது.
ஆ கியோங் கடையில் உட்கார்ந்து
ஆளுக்கு இரண்டு மைலோ குடித்தார்கள்.
கம்பிக்குக் காசு வேண்டாம் என்றார் ஆ கியோங்.
அப்படியானால் இதையாவது என்று
பையின் அடியிலிருந்து
மடித்து மடித்து மடிப்பே கிழிந்த ஒரு வரைபடத்தை
மேசையில் வைத்துவிட்டு
கேமரன் பக்கம் ஏறிப் போனார்கள்.

அவருக்கு அது எதற்கு?
செயின் துடைக்க எடுத்தார்.
நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரான்சு தேசத்தின் நடு வயிறு அது.
ஓவெர்ன் என்று சொல்ல வேண்டுமாம்,
எழுத்தில் இருப்பது வேறு.
வெள்ளைச் சடக்கு, மஞ்சள் சடக்கு,
பச்சைக் கரை கட்டியிருந்தால் பார்க்க அழகான சடக்கு.
அதன் மேலேயே குட்டிக் குட்டி அம்புகள்,
மூக்கு மேட்டைப் பார்த்தபடி.
ஒன்று என்றால் மூச்சு வாங்கும்.
இரண்டு என்றால் பேச்சு நிற்கும்.
மூன்று என்றால்
கூட வந்தவளைக் கண்டாலே பிடிக்காது.
கடைசி விளக்கம் யோகவதி சொன்னது.

யோகவதி விடிகாலையில் நாசி லெமாக் விற்பவள்.
நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
ஞாயிறானால் கடை இல்லை, மேடை இல்லை.
பனி விலகுமுன்
இரண்டு சைக்கிளும் ஒரு தேசமும் கிளம்பும்.

ஊருக்கு ஊர் ஒரு புனிதர் அந்தப் படத்தில்.
புனித இவர், புனித அவர்,
ஆற்றோரமாய் ஒரு புனிதர்.
"நம்ம டிவிசனுக்கு டிவிசன் முனியாண்டி மாதிரிதானே?"
அதற்குப் பிறகு வழி குழம்பவே இல்லை.
ஆறாங்கட்டை முனீஸ்வரர் தாண்டி இடது.
எரிந்த லோரி கிடக்கும் வளைவில் வலது.
நாகம்மா கோயில் குழாயில் தண்ணீர் நல்லது,
நீலப் பேனாவால் ஒரு துளி.

எடைச்சீட்டுகளின் முதுகில்
எங்கள் சடக்குகளை நானே வரைந்தேன்.
கித்தா வெட்டிய மேட்டுக்கு ஒரு அம்பு.
புதுக்கன்று நட்ட சரிவுக்கு இரண்டு.
மூன்றை யாருக்கும் கொடுக்கவில்லை.
கஞ்சத்தனம் இல்லை,
நிறுத்துப் பார்த்தே பழகிய கை.

பள்ளி விடுமுறையில் மலை ஏறுவது என்று முடிவானது.
முந்தின நாள் மாலை
என் சைக்கிளை எடைமேடையில் நிறுத்தினேன்.
ஒரு பை, ஒரு தார்ப்பாய், கச்சான் பொட்டலம், டியூப் இரண்டு.
நாற்பது டன்னுக்கு அசைகிற மேடை
இருபதுக்குக் குறைந்தால் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.
பூஜ்ஜியம் என்றது.
சீட்டும் அடித்து எடுத்துக்கொண்டேன்.

பத்தாங்கட்டை வரை சிரித்துக்கொண்டே போனோம்.
பெத்தாய் கட்டித் தொங்கவிட்ட கடையில்
அஸ்லிப் பெண் எங்கே என்று கேட்டாள்.
மேலே என்றோம்.
இன்னும் கொஞ்சம்தான் என்றாள்.
ஓவெர்னிலும் யாராவது
இதே பொய்யை இதே முகத்தோடு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு மூங்கில். பிறகு வளைவு.
வளைவு முடிந்தால் இன்னொரு வளைவின் தொடக்கம்.
மழை வந்தது, போனது,
போனது தெரியாமல் நனைந்துகொண்டே இருந்தோம்,
உள்ளிருந்து.

பின்னால் முதல் கியரில் ஒரு லோரி முனகியது.
கோழிச்சாண நாற்றம்.
வாரமெல்லாம் என்னிடம் குலை நிறுக்க வரும் சந்திரபோஸ்
இன்று மலைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிறான் போலும்.
நடக்கிற வேகத்தில் பக்கத்தில் வந்து
தலையை வெளியே நீட்டினான்.
"கிராணியம்மா! எத்தனை டன்?"

பதில் இருந்தது, மூச்சு இல்லை.
சட்டைப் பையில் அந்தச் சீட்டு
தோலோடு ஒட்டிக் கிடந்தது.

லோரி போன பிறகு பார்த்தேன்.
யோகவதி இருபது கெஜம் முன்னால்.
எப்போது கடைசியாகப் பேசினாள்?
நான் ஏன்
அவள் முதுகை இப்படி முறைத்துக்கொண்டு வருகிறேன்?

காலை ஊன்றினேன்.
ஈரச்சீட்டைத் தொடையில் விரித்து
பேனா எழுதுமா என்று ஒருமுறை கிறுக்கிப் பார்த்துவிட்டு
போட்டேன்,
ஒன்று,
இரண்டு,
மூன்று.