கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை

வாங்கும்போதே பின்கண்ணாடியில் இருந்தன
இரண்டு பெயர்கள்: ஷெரின், ஜெனிஷ்.
நடுவில் சிவப்பாக ஒரு பட்டாம்பூச்சி.
விற்ற வள்ளியூர்க்காரரின் பிள்ளைகள்.
ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு வந்தது,
இன்சூரன்ஸ் வந்தது.
ஸ்டிக்கர் சுரண்ட பிளேடு வாங்கி
டேஷ்போர்டுக்குள் போட்டேன்.
அங்கேயே துருப்பிடித்தது.

பாளை மார்க்கெட் பக்கம் டோக்கன் போடும் வன்னியபெருமாள்தான்
முதலில் கூப்பிட்டது:
"ஷெரின் அம்மா, கொஞ்சம் முன்னால எடுங்க."
திருத்துவதற்குள்
பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது.
எடுத்துவிட்டேன்.

மறு வாரம் கேட்டார், மக என்ன படிக்கா?
ஒம்பது, என்றேன்
கத்தரிக்காய்ப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி.
பொய்யையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.
பாலிசி முடிகிற மே மாதத்தில்தான்
ஷெரினுக்கும் ரிசல்ட்.
பத்தாவதில் நானூற்றுப் பதினெட்டு.
பன்னிரண்டில் கணக்கு காலை வாரியது.
நர்சிங் சேர்த்துவிட்டேன், நாகர்கோவிலில் ஹாஸ்டல்.
ஜெனிஷை யாரும் விசாரிக்கவில்லை
அவன் பாட்டுக்கு இருந்தான்.

எனக்கு ஐம்பத்தொன்று.
ராதாபுரம் கருவூலத்தில் வேலை.
அடுத்தவர் பில்லில் ஒரு ரூபாய் கூடினாலும்
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன்.

ஆனி கடைசி.
நாங்குநேரி டோல் தாண்டியதும்
ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.
காற்று என்று நினைத்தேன்.
அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் காற்றைத்தான் சொல்வோம்.
டயர்.

வள்ளியூர் விலக்கில் சுயம்புலிங்கம் ஜாக்கி போட்டான்.
சோப்புத் தண்ணி தடவிக் குமிழி பார்த்தான்.
"உள்ஓரம் மொட்டையாட்டு மேடம்.
அலைன்மென்ட் பாக்காம எத்தன வருசம்
ஓட்டுதீய..."
முடிக்கவில்லை.
அவன் கடைக்கூரைத் தகரம்
கூப்பிட்ட ஆள் மாதிரி எழுந்தது
ஒரு நொடி அந்தரத்தில் யோசித்தது
என் பின்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.

சீட் முழுக்கக் கல்லுப்பு.
பிசின் விடாமல் 'ஷெ' மட்டும்
ரப்பர் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான்.
பையில் திணித்துவிட்டு வந்தேன்.
அவன் கூரைக்கு இன்சூரன்ஸ் இல்லை.

வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு சர்வேயர் ஜெபக்கனி வந்தார்.
எட்டு போட்டோ.
"ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிச்சிருவோம்.
தகடுன்னா வண்டி வயசைப் பாக்கணும்.
கண்ணாடிக்குத் தேய்மானம் இல்ல மேடம்.
ஆயிரம் ரூவா பிடித்தம் போக முழுசாக் கெடைக்கும்."
ஸ்டிக்கர்? என்றேன்.
"கம்பெனியில வந்ததா, நீங்க ஒட்டுனதா?"
ரெண்டும் இல்லை.
ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு வருஷமாக ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு
அவர்கள் தந்துகொண்டிருந்த போனஸ்
அன்றோடு போயிற்று.

புதுக் கண்ணாடியில்
பின்னால் வரும் லாரியின் நம்பர் வரைக்கும் தெரிகிறது.
இத்தனை நாள் ஒரு பட்டாம்பூச்சி அகலத்துக்கு
சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை.
வன்னியபெருமாள் வண்டியைச் சுற்றி வந்தார்.
வெறும் கண்ணாடி முன்னால் நின்றார்.
"படிப்பு முடியுமுன்னயே
கட்டிக் குடுத்திட்டீயளா?
ஒரு வார்த்தை சொல்லலியே."

வாயைத் திறந்தேன்.
ஆட்டோ எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.

டோக்கன் பைக்குள் கைவிட்டு
பத்து ரூபாய்த் தாளாகப் பத்து எண்ணினார்.
மேலே ஒரு ரூபாய் நாணயம்.
"புள்ளட்ட குடுங்க."

எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.
பிளேடுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.
தாள்கள் பேசாமல் கிடக்கின்றன.
வேகத்தடை வரும்போதெல்லாம்
அந்த ஒரு ரூபாய்தான்.